இடது முன்சக்கரம்

— சாப்பிட்டுக்கிட்டே கேளுப்பா. அந்த வீல் உடஞ்சதுக்கு நீ காரணம் இல்ல.

— எந்த வீலு?

— எந்த வீலா? பத்தொம்பது வருசமா நம்ம வீட்ல பேசாம பொத்தி வெச்சிருக்கற வீல் எத்தன இருக்கு? உன் மொதலாளி சில்வெஸ்டர் சாரோட வெள்ள வண்டி. இடது பக்கம், முன்னாடி.

— அத எதுக்கு இப்ப எடுக்கற, பாப்பா? வெண்டைக்கா நல்லாருக்கு. அம்மா செஞ்சாளா, நீ செஞ்சியா?

— அம்மா. பேச்ச மாத்தாத.

— நீ மொதல்ல மேல போ. மூணாவது மாடியில வேல செய்யற பொண்ணு, பேஸ்மெண்ட்ல செக்யூரிட்டி பக்கத்துல உக்காந்து சாப்பிட்டா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?

— அவங்கப்பான்னு நெனப்பாங்க. நெனைக்கட்டும்.

— இரு, வண்டி வருது. டோக்கன் தகோளி சார். ஹிந்தே பர்லி, இன்னு ஸ்வல்பா... சாக்கு, சாக்கு. போதும் சார். ம். பின்னாடி டயர்ல காத்து கம்மி. திரும்பறப்ப சத்தம் கேட்டியா?

— அத அந்த ஆளுகிட்டச் சொல்றதுதானே?

— சீட்டு குடுக்கறவன் சொன்னா கேப்பாங்களா?

— இதத்தான் சொல்றேன். வண்டி சத்தத்த வெச்சே வியாதி சொல்ற மனுசன், நீல சட்டைய மாட்டிக்கிட்டு டோக்கன் குடுத்துட்டிருக்க. ஏன்னு கேட்டா தலைய குனிஞ்சுக்குவ. இனிமே குனிய வேணாம். என் ஆபீசுக்கு அமெரிக்காவுல இருந்து கேசட் வருதில்ல?

— டாக்டருங்க பேசறது.

— டாக்டர் கேசட்டெல்லாம் பக்கத்து ரூம். எங்களுக்குக் கண்டதும் வரும். இந்த மாசம் ஒரு கெழவன். எழுபத்தெட்டு வயசு. அந்தக் காலத்துல கார் ரேஸ் ஓட்டினவனாம். புக்கு போடறாங்க. அவன் பேசப் பேச நான் டைப் அடிக்கணும்.

— ரேசா? என்ன வண்டி?

— பாத்தியா, மூஞ்சி எப்படி மாறுதுன்னு. கடையில வாங்கற வண்டிதான். ரேசுக்குன்னு செஞ்சது இல்ல. வாரமெல்லாம் வேலைக்கு ஓட்டிட்டுப் போற வண்டிய ஞாயித்துக்கிழமை ரேசுல விடுவாங்களாம். லைட்டு கண்ணாடி ஒடஞ்சு செதறக் கூடாதுன்னு மேல டேப் ஒட்டிக்குவாங்களாம்.

— நாங்களும்தான் ஒட்டுவோம். மருந்துக் கடையில விக்குமே பிளாஸ்டர், அது.

— கதவு தொறந்துக்கக் கூடாதுன்னு இடுப்பு பெல்ட்டக் கழட்டிக் கட்டுவாங்களாம்.

— நாங்க சைக்கிள் டியூப்பு. பெல்ட்ட விட டியூப்பு கெட்டி. அவங்களுக்குத் தெரியல பாரு.

— சிரிக்கற நீ.

— இல்லம்மா, கேளு. காலையில அல்சூர் ஷெட்டுல பின் சீட்டக் கழட்டி வெச்சுட்டு, கதவுல சுண்ணாம்புல நம்பர் எழுதி, சோத்து கேரியர என் மடியில வெச்சுக்கிட்டு, நானும் சாரும் அதே வண்டியிலதான் ரேசு நடக்கற ஏரோட்ரோமுக்குப் போவோம். ஓட்டி முடிச்சு, சுண்ணாம்பத் தொடச்சு, சீட்டத் திருப்பி மாட்டுவேன். சாயங்காலம் சாரோட சம்சாரம் டோரீனம்மாவும் அவங்க பையன் டெரிக்கும் அந்த சீட்டுல உக்காந்து மாதா கோயிலுக்குப் போவாங்க. மத்தியானம் அந்த வண்டி என்ன ஓட்டம் ஓடிச்சுன்னு சாமியாருக்குக் கூடத் தெரியாது.

— அந்தக் கெழவனும் இப்படியேதான். இப்ப எல்லாம் கம்பெனிக்காரன் கையில போயிடுச்சு, ஒருத்தனும் கதவக் கட்டறதில்லன்னு பத்து நிமிசம் பொலம்பறான். ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி.

— என்னன்னு பொலம்பறாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லேன்.

— அதெல்லாம் விடு. விசயத்துக்கு வர்றேன். அவங்க ஊர்ல ரேசு நடக்கற எடம் பெரும்பாலும் வட்டமாத்தான் இருக்குமாம். சுத்திச் சுத்தி இடது பக்கமாவே திரும்பிக்கிட்டிருப்பாங்க. வலது பக்கம் திரும்பற வேலையே கெடையாது. அப்படித் திரும்பினா பாரமெல்லாம் எங்க போகும்?

— வலது பக்கச் சக்கரத்து மேல.

— உனக்கு யோசிக்கவே வேண்டியதில்ல பாரு. அதனால வலது பக்க ரெண்டு வீலுக்கு மட்டும் நடுவுல இன்னொரு தகடு வெச்சு வெல்டு அடிப்பாங்களாம். இடது பக்கத்துக்கு எதுக்குன்னு விட்டுடுவாங்க. அப்புறம் ஒரு வருசம் மொத மொதலா நெஜ ரோட்டுல ரேசு வெச்சாங்களாம். மலையில ஏறி எறங்கற ரோடு. ரெண்டு பக்கமும் திரும்பணும். இவனோட மெக்கானிக்கு பழக்க தோசத்துல அதே வலது பக்கத்துக்குத்தான் தகடு போட்டிருக்கான். வலது வளைவு ஒண்ணுல இடது வீல் நடுவுல கிழிஞ்சு தனியா ஓடிடுச்சு. என்னப்பா, சோத்த மூடி வெக்கற?

— அவருக்கு என்ன ஆச்சு?

— அவன் பொழச்சான். கை மட்டும் ஒடஞ்சது. மெக்கானிக்கப் பத்தி என்ன சொன்னான் தெரியுமா? அவன் மேல தப்பில்ல, எங்க எல்லாருக்குமே ஒரு பக்கம்தான் தெரிஞ்சிருந்துச்சுன்னு சொன்னான். நான் கேசட்ட நிறுத்திட்டேன். ஹெட்போனக் கழட்டிட்டு பாத்ரூமுக்குப் போயிட்டேன்.

— நல்ல மனுசன்.

— சில்வெஸ்டர் சாருக்கு அமெரிக்காவுல இருந்த சொந்தக்காரரு அனுப்பின புக்கப் பாத்துத்தானே நீயும் தகடு வெச்சே? வலது பக்கம் மட்டும்?

— ஆமா.

— ஏரோட்ரோம்ல அந்த வீல் உடஞ்ச மூணாவது வளைவு வலது பக்கமாத்தானே திரும்பும்?

— ஆமாம்மா. உனக்கு யாரு சொன்னா?

— அம்மா. அவளுக்கும் நீ தூக்கத்துல ஒளறித்தான் தெரியும். ஆக, நீ புக்குல இருந்ததச் செஞ்சே. அந்தப் புக்கு வட்டமாச் சுத்தறவங்களுக்கு எழுதினது. அவ்வளவுதான். கல்லறையில அத்தன பேர் முன்னாடி டோரீனம்மா என்ன சொன்னாங்க? குடிச்சிட்டு வெல்டு அடிச்சான், என் புருசனக் கொன்னுட்டான். நீ குடிக்கவே மாட்ட. எனக்கு எட்டு வயசு, உன் தோள்ல உக்காந்திருந்தேன். நீ நடுங்கினது என் தொடைக்குத் தெரிஞ்சுது. அப்புறம் கன்டோன்மென்ட்ல ஒரு ஷெட்டுக்காரனும் உன்ன உள்ள விடல.

— அவங்க துக்கம், பேசினாங்க. விடு. அவங்க வீட்டுக்காரரு சொல்லித்தானே கான்வென்ட்ல உனக்கு எடம் குடுத்தாங்க.

— அதுக்கு நன்றி. ரெண்டுக்கும் சேத்து ஒரே கணக்காப் போட முடியாது. நான் அவங்களுக்கு லெட்டர் போட்டேன்.

— யாருக்கு?

— டோரீனம்மாவுக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை சில்வெஸ்டர் சார் பேர்ல பூசை வெச்சு, பழைய ரேஸ்காரங்க எல்லாம் கூடறாங்களாம். நினைவு மலர் ஒண்ணு போடறாங்க. அதுல மெக்கானிக்கோட அஜாக்கிரதைன்னு அச்சடிச்சிருக்காங்க. டெரிக்கோட ஆபீஸ்ல வேல செய்யற பையன் எனக்குத் தெரிஞ்சவன், காட்டினான். பாத்துட்டுச் சும்மா இருக்கச் சொல்றியா?

— ஐயோ பாப்பா. லெட்டர்ல என்ன எழுதின?

— கேசட்டுல இருந்தத வரி வரியா எழுதினேன். வெளிய தெரிஞ்சா எனக்கு வேல போயிடும், பரவால்ல. கடைசியில எழுதினேன்: எங்கப்பாவுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. புக்க வாசிச்சுச் சொன்னது உங்க புருசன். பாதி வாசிச்சுட்டு பாதி விட்டது அவரு. அவரு சாவுக்கு அவரே காரணம்.

— அப்படி எழுதிட்டியா?

— எழுதிட்டேன். நேத்து ஆபீசுக்கு அவங்களே போன் பண்ணாங்க. கத்தல. அழுகவும் இல்ல. சில்வெஸ்டர் அந்தப் புக்கத் தொறந்தே பாக்கல, அட்டையப் பாத்துட்டு உங்கப்பா அய்யாவு கையில குடுத்துட்டாரு, அய்யாவுதான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாருன்னாங்க.

— ம்.

— எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஏ பி சி தெரியாத மனுசன் வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன பண்ணுவாரு, அடுப்பு பத்த வெப்பாரான்னு கேட்டேன். பொய் சொல்லவும் ஒரு மூள வேணும்.

— அவங்க வேற என்ன சொன்னாங்க?

— உங்கப்பா வாயால சொல்லட்டும்னாங்க. சில்வெஸ்டர்தான் வாசிச்சாருன்னு அய்யாவு என்னப் பாத்துச் சொன்னா நான் நம்பறேன், அந்த வரிய அடிச்சுட்டு வேற அச்சடிக்கச் சொல்றேன், எல்லார் முன்னாடியும் உங்கப்பாகிட்ட மன்னிப்பும் கேக்கறேன்னாங்க. ஒரே ஒரு வரிப்பா. நீ சொல்ல வேண்டியது ஒரே வரி.

— நான் வரல.

— ஏன்?

— ஞாயித்துக்கிழமை எனக்கு டூட்டி.

— லீவு நான் கேக்கறேன்.

— வேணாம் பாப்பா. அந்த மலர எத்தன பேரு படிக்கப் போறான்? நாலு கெழவனுங்க. கண்ணாடி போட்டுக்கிட்டு போட்டோவ மட்டும் பாப்பானுங்க. விட்டுடு.

— நான் படிச்சேனே. எனக்கு எரியுதே. இன்னும் அவரு வீட்டுச் சோத்துக்கு வாலாட்டறியா? செத்து மண்ணாப் போனவருக்கு இருக்கற மரியாத உனக்கு வேணாமா?

— அப்படிப் பேசாத. அவரு என்னையப் பேர் சொல்லிக் கூப்பிடுவாரு, பக்கத்து சீட்டுல உக்கார வெப்பாரு. செத்தவரு மேல இல்லாதத ஏத்தக் கூடாது.

— இல்லாததா? அப்ப அவரு வாசிக்கல?

— இரு, வண்டி...

— ஒரு வண்டியும் வரல. என்னப் பாரு. அவரு வாசிக்கலன்னா யாரு வாசிச்சா?

— மறந்து போச்சு.

— முப்பது வருசத்துக்கு முன்னாடி ஓட்டின வண்டிக்கு என்ன நம்பர் எழுதினேன்னு சொல்லுவ. இது மறந்துடுச்சா? சரி. நீ வராத. நான் போறேன். மைக்கு குடுத்தாலும் குடுக்காட்டியும், எல்லார் முன்னாடியும் சில்வெஸ்டர்தான் வாசிச்சாரு, எங்கப்பா சொன்னாருன்னு சொல்லப் போறேன்.

— நான் அப்படிச் சொல்லல.

— நீ சொன்னதாச் சொல்லுவேன்.

— அந்தம்மா நம்பிடுவாங்க, பாப்பா. மிச்ச நாளெல்லாம் புருசனத் திட்டிக்கிட்டே சாவாங்க. வேணாம்.

— அப்ப நெசத்தச் சொல்லு.

— அவருகிட்ட வேலைக்குச் சேந்தப்ப எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன்னு சொல்லிட்டேன். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிப்பேன்னு நெனச்சாரு. புக்கக் குடுத்து, பாத்து வெச்சுக்கோ அய்யாவு, இதுல வீலப் பத்திப் போட்டிருக்கான்னாரு. தெரியாதுன்னு சொல்ல வெக்கம். அதான் எடுத்துட்டு வந்தேன்.

— அப்ப டோரீனம்மா சொன்னது...

— பொய் இல்ல.

— சரி. சரி, இருக்கட்டும். எடுத்துட்டு வந்து யாருகிட்டக் காட்டின? நாம இருந்த தொம்மலூர்ல அப்ப இங்கிலீஷ் தெரிஞ்சவன் எத்தன பேர் இருந்திருப்பான்? போஸ்ட் ஆபீஸ்காரனா? அந்த வக்கீல் குமாஸ்தாவா? தேடிப் பிடிச்சுடலாம்.

— தேட வேணாம்.

— ஏன்? அந்த ஆளுக்காக நீ எதுக்கு டோக்கன் குடுத்துட்டிருக்கணும்?

— அவ பெரிய எழுத்துல இருந்தத வாசிச்சா. வலது சக்கரத்துக்குத் தகடு வெக்கணும்னு போட்டிருக்குன்னா. எனக்குச் சந்தேகம். ஒரு பக்கம் மட்டும் எதுக்குன்னு என் கை கேட்டுச்சு. கீழ பொடி எழுத்துல நெறைய இருந்துச்சு. அதுல என்ன போட்டிருக்குன்னு கேட்டேன். அது சும்மா கதை, அது வேணாம்னுட்டா. நெசமாவான்னு ரெண்டாவது வாட்டியும் கேட்டேன். புக்குல போட்டது தப்பா இருக்குமான்னு கோவிச்சுக்கிட்டா. நான் கைய நம்பல, புக்க நம்பினேன்.

— யாரு அவ? படிச்ச திமிரு. தெரியலன்னா தெரியலன்னு சொல்றதுக்கு என்ன கேடு? பொடி எழுத்த வாசிக்கத் துப்பில்லாம கதைன்னு சொல்லியிருக்கா, ஒரு உசுரு போயிருக்கு. எங்க இருக்கா இப்ப?

— அவளத் திட்டாத. நல்லா வாசிச்சா. எனக்கு அன்னிக்கு அவ்வளவு பெரும.

— நான் திட்டுவேன். ஞாயித்துக்கிழமை அவளையும் இழுத்துட்டுப் போய் நிறுத்தணும். பேரச் சொல்லுப்பா. யாரு?

— ஸ்கூல் யூனிபார்ம் கூட மாத்தாம, என் மடியில உக்காந்து வாசிச்சியே, பாப்பா.