மேட்டுத் துண்டில் கரிசல் போனபோது

"அலோ... ஜெரோமு, கேக்குதா?... அக்காதான்டா. காட்டுலதான் நிக்கிறேன்... ஆமா, ஆமா, இன்னைக்குத்தான் உள்ள கால் வைக்க முடிஞ்சுது."

ஆவூருக்கு மேற்கே, தம்பியும் தானும் இன்னும் பங்கு பிரிக்காத கரிசல் காட்டின் நடுவே வியாகுலமேரி நின்றிருந்தாள். தம்பி ஜெரோம் குவைத்தில். அவள் காலடியில், மழைக்கு முன்னால் இல்லாத பெரிய பள்ளம்.

"பருத்தியா?... பருத்தி எங்கடா இருக்கு! மண்ணோட போயிருச்சு... மேட்டுத் துண்டு முழுசும். அடியில வெள்ளையா சுக்காங்கல்லு தெரியுது... ஒரு மழைக்குப் போவுமாடா? பெரிய டிராக்டர் திரும்ப எடம் பத்தலன்னு வரப்ப வழிச்சது யாரு?... சரி, சரி, வேல சுளுவாச்சு, நான் இல்லங்கல. ஆனா டிராக்டர்காரன் மேலேருந்து கீழ நெட்டுக்கு உழுதான். ஒவ்வொரு சாலும் வாய்க்காலாயிருச்சு. கோடையில தட்டயக் கொளுத்தி மண்ண மொட்டையாப் போட்டோம். ஆட்டுக்கெடை போட்டு மண்ணுக்கு எரு குடுத்து எத்தன வருசமாச்சு?... யூரியா போட்டோம்தான். யூரியா மண்ணப் புடிச்சு வைக்குமா?... இருடா. பாதையில ஜேசிபி வருது. பின்னாடியே டிப்பரு... என்னது? நீதான் அனுப்புனியா?"

அவள் குரல் இறங்கிவிட்டது.

"செங்கச் சூளைக்கா?... மிச்சமிருக்குற மண்ணையா?... எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?... 'எப்படியும் போறதுதான'வா! அதையும் அள்ளிட்டா வெறுங் கல்லுல எதடா வெதைப்பேன்?... கத்தாத. லைன்லயே இரு."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே கையை நீட்டி வண்டியை மறித்தாள்.

"டிரைவர் தம்பி, நிப்பாட்டுங்க!... ஆமா, ஜெரோமோட அக்காதான். எனக்கும் பங்கிருக்கு. டிப்பரத் திருப்பி அனுப்பிருங்க... நீங்க போவாதீங்க. கீழ ஓரத்துல மண்ணு ஒதுங்கிக் கெடக்குல்ல, அத அள்ளிக் குறுக்க வரப்பு போடணும். இங்கேருந்து அங்கிட்டு வேலி வரைக்கும்... என்ன ஜெரோமு? ஆமாடா, நீ கூப்புட்ட வண்டிதான்... தெரியும்டா, போன மண்ணு வராது. மேட்டுல இனி ஒண்ணும் மொளைக்காது. கீழத் துண்டையாவது நிக்க வைக்கிறேன்... அழுவல. நான் ஒண்ணும் அழுவல... அலோ?... ஜெரோமு?"

அவன் போனை வைத்துவிட்டிருந்தான்.

டிப்பர் திரும்பிப் போயிற்று. ஜேசிபிக்காரர் இன்ஜினை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வியாகுலமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, வரப்பு போகவேண்டிய வழியில் முன்னால் நடந்தாள். பின்னால் வண்டி உறுமிக்கொண்டு நகர்ந்தது.