கடைசி வண்டி

கொஞ்சம் பொறுங்க... தண்ணி குடிச்சுக்கிறேன்.

இவ்வளவு நேரம் விலைவாசி பேசினேன், கை தட்டினீங்க. கூலி உயர்வு பேசினேன், விசிலே அடிச்சீங்க. சாதின்னு ஒரு வார்த்தை எடுத்தேன்... எங்கய்யா போச்சு அந்தக் கையெல்லாம்? மூணாவது வரிசையில ஒரு அண்ணன் செல்லை எடுத்து நோண்ட ஆரம்பிச்சுட்டாரு. நோண்டுங்க, நோண்டுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். ஒரு சின்னக் கதை சொல்றேன், அதையும் ஒரு காதுல வாங்கிக்கோங்க.

தெற்கே ஒரு ஊரு. சந்தை முக்குல ஒரு ஆட்டோ ஸ்டாண்டு. ஒன்பது வண்டி, ஒண்ணு பின்னால ஒண்ணா நெருக்கி நிக்கும். அங்க சண்முகவேல்னு ஒரு டிரைவர். அந்தப் பேரைச் சொன்னா ஊர்ல யாருக்கும் தெரியாது, பட்ஜெட்டுன்னு கேட்கணும்! அப்படி ஒரு பேச்சு. பெட்ரோல் விலை ஏன் ஏறுது, பெரிய கம்பெனிக்கு ஏன் வரி குறையுது, செல்போன்ல சவாரி பிடிச்சுக் கொடுக்கிறவன் நம்ம உழைப்பை எப்படி உறிஞ்சுறான்... டீ ஆறிப் போகும், மனுஷன் நிறுத்த மாட்டாரு.

அந்த ஊர்லயே காலனித் தெருவுல வேதமுத்துன்னு ஒருத்தர். கடன்ல வண்டி எடுத்துட்டாரு. ஆனா நிக்க இடம் இல்ல. பஸ் ஸ்டாண்டுல நின்னா போலீஸ் விரட்டுது, ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா அங்க இருக்கிறவங்க விரட்டுறாங்க. வீட்டுல ரெண்டு புள்ளைங்க. இந்த ஸ்டாண்டுல இடம் கிடைக்கலைன்னா வண்டியை வித்துட்டுத் திரும்பவும் செங்கல் சூளைக்குத்தான் போகணும்.

சண்முகவேல்கிட்டதான் வந்து கேட்டாரு. இவரும் தோள்ல கை போட்டு, "நீ வாலே! நான் இருக்கேன்லா?"ன்னுட்டாரு. மனசாரத்தான் சொன்னாரு. அதையும் சொல்லணும்ல?

அந்த ஸ்டாண்டுல ஒரு வழக்கம். புது ஆளைச் சேர்க்கக் கையெல்லாம் தூக்க மாட்டாங்க. புதுசா வர்றவனுக்கு முதல் நாள் முதல் சவாரி. அதனால முன்னால இடம் விடணும். இஷ்டப்பட்டவங்க இறங்கி, அவங்கவங்க வண்டியைக் கையாலயே பின்னால தள்ளணும். இஷ்டமில்லாதவன் சும்மா நிக்கலாம். ஏன்னு யாரும் கேட்கக் கூடாது. யாரும் யாரையும் தள்ளுன்னும் சொல்லக் கூடாது. நல்ல வழக்கம்தான்... இல்லையா?

அந்த நாளும் வந்துச்சு. வேதமுத்து வண்டியைக் கழுவி, மாலை போட்டு, வரிசைக்கு முன்னால ரோட்டுல கொண்டு வந்து நிறுத்திட்டாரு. ஸ்டாண்டுத் தலைவர் தங்கப்பாண்டி குரல் கொடுத்தாரு: "சம்மதம் உள்ளவங்க தள்ளலாம்ப்பா!"

எல்லாரும் இறங்கினாங்க. நம்ம பட்ஜெட்டும் இறங்கினாரு. ஹேண்டில்பாரைப் பிடிச்சாரு. பிடிச்சவரு தள்ளல.

ஏன்னா... நாலு வண்டி முன்னால நிக்கிறது அவரோட மச்சினன். 'இவன் போய் வீட்டுல சொல்லிட்டா? நம்ம சாதிக் கோயிலுக்கு வரி வாங்குறவன் காதுக்குப் போயிட்டா? மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கிட்டு இருக்கே... ஐயோ, முதல்ல தள்ளினவன் நான்தான்னு ஆயிடுமே!' அப்புறம் ஒரு கணக்குப் போட்டாரு. சரி... முன்னால இருக்கிறவங்க தள்ளட்டும். ஒருத்தர், ரெண்டு பேர் தள்ளினதும் கூட்டத்தோட கூட்டமா நாமளும் தள்ளிடுவோம்.

நிக்கிறாரு. பார்க்கிறாரு. யாரும் தள்ளல. 'பார்த்தியா, ஒருத்தனுக்கும் மனசில்ல. நான் மட்டும் எதுக்கு மாட்டிக்கணும்?' இன்னும் நிக்கிறாரு...

வேதமுத்து ஒவ்வொரு முகமாப் பார்த்தாரு. கடைசியா இவர் முகத்தையும் பார்த்தாரு. இவரு குனிஞ்சு டயரைப் பார்க்கிறாரு. அப்புறம் அந்த மனுஷன் மாலையைக் கழற்றி சீட்டுல போட்டாரு, வண்டியைத் திருப்பினாரு, போயிட்டாரு.

மச்சினன் விறுவிறுன்னு வந்தான். "என்ன அத்தான், உங்களுக்கு இஷ்டமில்லன்னா முதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"எனக்கா? நீங்க யாரும் தள்ளலையேடா!"

"நாங்க எப்படி அத்தான் தள்ளுறது? எல்லாரும் ஹேண்டிலைப் பிடிச்சுக்கிட்டுத்தானே நின்னோம்! நீங்கதானே கடைசி வண்டி! உங்க வண்டி நகராம எவன் வண்டி நகரும்?"

...

புரிஞ்சுதா? அந்த மனுஷன் வாயைத் திறந்து வேண்டாம்னு சொல்லவே இல்ல. மனசுல சம்மதம்தான். ஆனா இன்னைக்கு வேதமுத்து சூளையில செங்கல் சுமக்கிறாரு. பெட்ரோல் விலை பேசும்போது பட்ஜெட்டுக்கு என்ன பயம்? ஒண்ணும் இல்ல. ஏன்னா பெட்ரோல் விலை பேசினா மச்சினன் கோவிச்சுக்க மாட்டான். சொந்தக்காரன் முகம் சுளிப்பானோன்னு எதைச் சொல்லாம முழுங்குறோமோ... அங்கதான்யா ஒருத்தன் பொழைப்பு மாட்டிக்கிட்டு நிக்குது. எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கிட்டு நிக்கிறோம். அடுத்தவன் மனசுல விஷம் இருக்குன்னு நாமளே முடிவு கட்டிக்கிறோம். கேட்டுப் பார்த்தோமா? என்னைக்காவது கேட்டுப் பார்த்தோமா?

சரி, என்னோடதைச் சொல்லிடறேன். எனக்கும் பயம்தான், பொய் சொல்லல. பாடுபடுறவனுக்குக் குடும்பம் நடத்துற அளவுக்குக் கூலி வேணும். இருக்கிறவன்கிட்ட வரியை ஒழுங்கா வாங்கணும். இதுக்குத் தட்டுவீங்க, தெரியும். மீதியையும் கேளுங்க. எந்தத் தெருவுல பிறந்தவனும் என் பக்கத்துல நின்னு பொழைக்கணும். என் வீட்டுல உட்கார்ந்து சாப்பிடணும். என் பொண்ணு வந்து, அவங்க வீட்டுப் பையனைப் பிடிச்சிருக்குப்பான்னு சொன்னா... பந்தக்காலை நான்தான் ஊணணும்.

சொல்லிட்டேன்.

அதோ... ஓரத்துல எந்திரிச்சு வெளிய போறாரே, அவரு என் பெரியப்பா மகன். போகட்டும். ராத்திரி அவர் வீட்டுக்குத்தான் போகப் போறேன், போய்ப் பேசிக்கிறேன். கதவைத் திறப்பாரான்னுதான் தெரியல.

நீங்க சொல்லுங்க. பக்கத்துல இருக்கிறவர் முகத்தைப் பார்க்காம... உங்க கருத்து என்ன?