நினைவுக்கல்லில் ஒரே ஓர் அந்தோனி

பிள்ளைகளே, நேற்று பேசாலை பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெண், பக்கத்தில் நின்றவரிடம் இப்படிக் கேட்டார்.

“அண்ணை, நீங்கள் உயிரோட வந்திட்டியள், சந்தோசம். அப்ப, சண்டையில செத்தவைக்குக் கோயில் வளவில வைச்ச கல்லில இருக்கிற அந்தோனி ஆர்?”

“நான்தான் எண்டு அம்மா சொல்லுறா. இந்தியாவுக்கு ஓடேக்க வள்ளத்தோட கடலில தாண்டுபோனன் எண்டு நினைச்சுப் பேர் குடுத்தவவாம்.”

“நானும் குடுத்தனான். என்ர அவரும் அந்தோனிதானே.”

“அப்ப ரெண்டெல்லோ வெட்டியிருக்கோணும்?”

“ஒரே ஆளெண்டு நினைச்சு ஒண்டுதான் வெட்டினவை. ஆத்துமாக்கள் திருநாளுக்கு நானும் உங்கட அம்மாவும் அதிலதான் மெழுகுதிரி கொளுத்துறனாங்கள். இப்ப நீங்கள் வந்திட்டியள் எண்டு பேரை அழிக்கப்போயினமாம். என்ர அவற்ற உடம்பு கிடைக்கேல்லை, அண்ணை. எனக்கு வேற கல்லறை இல்லை.”

அவர் தலையைச் சொறிந்தார். “நான் செத்தனானோ இல்லையோ எண்டு எனக்கே விளங்கேல்லை, தங்கச்சி.”

பஸ்ஸில் சிலர் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

“சரி, வாங்கோ. அது உங்கட ஆள்தான் எண்டு நானே பங்குச் சுவாமியிட்டச் சொல்லுறன். அழிக்க விடமாட்டன்.”

“அப்ப உங்கட அம்மா இவ்வளவு காலமும் அழுதது?”

அவர் இறங்குவதற்கு மணியை அடித்தார்.

“அதுவும் அவருக்குத்தான் எண்டு வையுங்கோ.”