பன்னிரண்டு போத்தல் தண்ணி

— பன்ரெண்டு கிணறு, கண்ணகையக்கா. பன்ரெண்டிலயும் உப்பு ஒரே அளவு. அது எப்பிடி வரும்?

— நல்ல தண்ணியெண்டுதானே வந்திரிக்கு, நிருஷா மிஸ். மறுகா என்னத்துக்கு இந்த வெயிலுக்க மட்டக்களப்பால பஸ் ஏறி மாங்கேணிக்கு வந்தீங்க? அந்தக் கதிரையில இரிங்க.

— இருக்க வரேல்ல. நாளைக்குக் காலமை டவுனில கூட்டம். கடக்கரை மண் அள்ளுற கம்பனிக்கு இன்னும் அஞ்சு வருசம் அனுமதி குடுக்கிறதா இல்லையா எண்டு என்ட தண்ணி அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவெடுப்பாங்க.

— பெரிய ஆள்தான் நீங்க.

— பகிடி விடாதீங்க. மாதர் சங்கத் தலைவி நீங்க. அறுபது பேரிட்டக் கையெழுத்து வாங்கி எங்கட ஒபிசுக்கு மனுக் கொண்டு வந்தது நீங்க. கிணத்துத் தண்ணி உப்பாக் கைக்குது, பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சொறி, கம்பனி துளை போடுற அதிர்வில சுவர் வெடிக்குது எண்டு எழுதினதும் நீங்கதான்.

— எழுதினதுதான். அந்தா பாருங்க வெடிப்பு. கை உள்ள போகும்.

— அப்ப நான் சோதிச்ச தண்ணி மட்டும் எப்பிடிக் கைக்காமப் போச்சு? இண்டைக்குக் காலமை மிச்சத் தண்ணியில திரும்பவும் மருந்து விட்டுப் பார்த்தன். பன்ரெண்டும் ரோசா நிறம். ரோசா நிறம் எண்டா குளோரின். வீட்டுக் கிணத்துக்க குளோரின் எங்கால வந்தது?

— சுனாமிக்குப் புறகு போட்டாங்களே, வெள்ளைத் தூள்.

— அது அஞ்சு வருசத்துக்கு முதல். குளோரின் ஒரு மாசமும் நிக்காது.

— எங்கட ஊருக்குத் தந்தது நல்ல தூளாக்கும்.

— அக்கா.

— சரி, கோவிக்காதங்க. மூஞ்சி சிவந்து போய்த்து. அது பவுசர்த் தண்ணி.

— எந்தப் பவுசர்?

— கிழமைக்கு ரெண்டு தரம் வாறது. கம்பனி அனுப்புற தண்ணி லொறி.

— 'குடிக்க உகந்தது' எண்டு நான் கையெழுத்துப் போட்டது கம்பனித் தண்ணிக்கா?

— நாத்தத் தண்ணிய உங்கட கையில தர வெக்கமாப் போய்த்து, மிஸ். படிச்ச பெட்டைப் புள்ள, மூக்குக்கிட்ட வெச்சுப் பார்க்கப் போகுது. போத்தலயும் சவுக்காரம் போட்டுக் கழுவித்தான் தந்தன்.

— பன்ரெண்டு வீட்டுக்கும் ஒரே நாளில வெக்கம் வந்ததா?

— வரப்படாதா?

— எனக்கு உங்களில கோவமில்லை. என்னிலதான் கோவம். நானே வீடு வீடா வந்து அள்ளியிருக்க வேணும். வாகனம் இல்லையெண்டு உங்களிட்டப் போத்தலைத் தந்துவிட்டன். அக்கா, இங்க நல்ல தண்ணி, உப்புத் தண்ணிக்கு மேல மெல்லிசாத்தான் நிக்குது. கம்பனிக்காரர் குழாய் இறக்கி, அமுக்கத்தோட தண்ணியைக் கீழ அடிச்சு, மண்ணைக் கலக்கி மேல உறிஞ்சுறாங்க. நல்லது போகப் போக உப்பு ஏறும். மண் கழுவுற மருந்தும் அதோட ஊறும். பிறகு ஆராலயும் திருத்த ஏலாது.

— எனக்குப் பாடம் எடுக்க வேணாம், மனே. சுனாமிக்குப் புறகு வெளிநாட்டுக்காரர் மெசின் கொண்டுவந்து கிணறெல்லாம் இறைச்சாங்க. இறைக்க இறைக்க உப்புத்தான் வந்திச்சு. போதும் விடுங்க எண்டு நான் வாளியும் கையுமாக் கத்தினன். ஆர் கேட்டா?

— இவ்வளவும் தெரிஞ்சு ஏன் இந்த வேலை பார்த்தீங்க?

— போத்தலோட ஒரு கடுதாசி தந்தீங்களே, அது உங்கட பைக்குள்ள இரிக்கா? எட்டாம் பந்திய வாசிங்க.

— அது வழமையான படிவம். எல்லா ஊருக்கும் ஒண்டுதான்.

— வாசிங்க, மிஸ்.

— 'நீர் மாசடைந்துள்ளதாக உறுதிப்படுத்தப்படுமிடத்து, அக்கிணறுகளைப் பாவிக்கும் குடும்பங்களைப் பாதுகாப்பான மாற்றிடத்தில் குடியமர்த்துமாறு இத்தால் பரிந்துரைக்கப்படுகின்றது.'

— கம்பனியப் பத்தி?

— ஒண்டும் இல்லை.

— மத்தப் பக்கத்தில?

— கையெழுத்துப் போடுற இடம் மட்டுந்தான். நான் இதை வாசிக்கேல்ல, அக்கா.

— நீங்க தண்ணி படிச்ச புள்ள. நாங்க கடுதாசி படிச்ச ஆக்கள். மனு எழுதக்குள்ள இது எங்களுக்குத் தெரியா. பார்த்த அண்டைக்கே பன்ரெண்டு பேரும் கூடிக் கதைச்சம். சுனாமிக்கு, கடக்கரையில ஆபத்து எண்டு ஊரால எழுப்பினாங்க. ஆறு மாசம் எண்டாங்க, ரெண்டு வருசம் தகரக் கொட்டிலுக்க கிடந்தம். மறுகா சண்டை. பத்து நாளையில திரும்பலாம் எண்டாங்க. எத்தின முகாம், எத்தின மழை. வந்து பார்த்தா வீட்டுக்குக் கதவு நிலைகூட இல்ல. ரெண்டு தரமும் எங்கட நன்மைக்கெண்டுதான் எழுப்பினாங்க.

— நான் கூட்டத்தில எழும்பிச் சொல்லுறன். நிப்பாட்ட வேண்டியது கம்பனியை எண்டு.

— நீங்களா? போன முறை வந்து உங்கட பேரச் சொல்லவே குரல் வரேல்ல. தேசிக்காய் தண்ணி தந்துதான் கதைக்க வெச்சன்.

— இந்த விசயத்துக்குக் கதைப்பன்.

— கதைப்பீங்க. 'மிஸ், உங்கட வேலை தண்ணி பார்க்கிறது' எண்டு சொல்லிக் கதிரையில இரித்திருவாங்க.

— அப்ப மேனுகா?

— அவளுக்கென்ன?

— உங்கட மகளைத்தான் கேக்கிறன். வரக்குள்ள கண்டனான், கால் ரெண்டும் வீங்கியிருக்கு. எத்தனை மாசம்?

— ஏழு.

— பிறஷர்?

— கூட எண்டுதான் மிட்வைஃப் எழுதியிரிக்கா.

— குடிக்கிறது பவுசர்த் தண்ணி. சமைக்கிறது?

— பவுசர்த் தண்ணி வந்தா ரெண்டு நாளைக்குத்தான் காணும்.

— மிச்ச நாளைக்குக் கிணத்துத் தண்ணி.

— ஓம்.

— அந்த உப்புப் பிறஷரைக் கூட்டும், அக்கா. தாய்க்கும் கூடாது, பிள்ளைக்கும் கூடாது. இந்தாங்க வெறும் போத்தல். இப்ப அள்ளித் தாங்க. நாலு மணி பஸ்ஸைப் பிடிச்சா இண்டைக்கே சோதிச்சு அறிக்கையை மாத்திருவன்.

— அள்ளித் தாறன். அத வெச்சு ஒரு வரி எழுதித் தருவீங்களா? 'கம்பனி எழும்ப வேணும்' எண்டு?

— அப்பிடி எழுத எனக்கு அதிகாரம் இல்லை.

— 'சனம் எழும்ப வேணும்' எண்டு எழுத?

— அது அச்சடிச்சே இருக்கு.

— அப்ப போத்தல பைக்குள்ள வையுங்க, மனே. எத எழுதினாலும் கம்பனி இஞ்சதான் இரிக்கும். நல்ல தண்ணியெண்டே எழுதி எங்களையும் இரிக்க விடுங்க.

— அம்மா, நான் அடுப்படியில கேட்டுட்டுத்தான் நிக்கன். போத்தல என்னட்டத் தாங்க, மிஸ், கிணத்தில அள்ளித் தாறன். ரெண்டு தரமும் எங்கள எழுப்பினது அவங்க. இந்தத் தரம் நானாவே எழும்புறன்.