இந்த மாசத்து மூண்டு கொலை

“இந்த மாசம் மூண்டு கொலை முடிச்சிட்டன்,” என்றார் முன் சீற்றில் இருந்த அக்கா. மன்னாரிலிருந்து அடம்பன் போகிற பஸ் சட்டென்று அமைதியானது. பக்கத்தில் இருந்த சிநேகிதி மட்டும் அசையவில்லை.

“மூண்டு கொலைக் கதையும் வாசிச்சதோ?”

“ரெண்டு வாசிச்சது. ஒண்டு நெல்லுக் காயவிடேக்க போனில கேட்டது. வாசிக்கிறவர் கத்தின கத்தில நெல்லுக் கொத்த வந்த கோழியெல்லாம் ஓடிட்டுது.”

“விளையாட்டுப் புத்தகம் ஒண்டும் வாசிக்கேல்லையோ?”

“ஒரு புட்போல்காரன்ர கதை. முழங்கால் உடைஞ்ச இடத்தில அழுதிட்டன். பிறகு மனுசன் தான் வாசிக்கவெண்டு பறிச்சுக்கொண்டு போயிட்டார். அதை விடு. சண்டைக்க இடம்பெயரேக்க நான் பாதியில விட்டிட்டு ஓடின நாவலை நீயும் வாங்கினனீதானே? ஆர் கொலை செய்தது?”

“நானும் அந்தக் கிழமைதானே அக்கா ஓடினனான். கடைசிப் பக்கம் பாக்கேல்லை.”



“ஊருக்குத் திரும்பி வந்தும் எவ்வளவு காலமாச்சு. அந்தக் கதையில வாற டொக்டர்தான் எண்டு முடிச்சுவிடுவம்.”

“பாவம் அக்கா. அவன் செய்யாட்டி?”

“செய்யாட்டி இவ்வளவு நாளைக்கு வந்து சொல்லியிருப்பான்தானே.”