ஒன்பதரை மணி ஜன்னல்

தில்லியில் பிப்ரவரி மாதத்துக் காலை ஒன்பதரை மணி வெயிலைப் போல நல்ல வெயிலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முகத்தில் விழுந்தாலும் கண் கூசாது. பாலசுப்ரமணியம் சார், விசாரணை அதிகாரியான உங்களுக்கு இது தேவையில்லைதான். ஆனால் நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

பழைய இரும்புக் கடையில் கதிர்வீச்சு உலோகத்தை உடைத்த மூன்று பேர் இறந்ததும், அந்தச் சந்தின் இரு முனையிலும் தடுப்பு வைத்துவிட்டார்கள். காய்கறிக்காரன்கூட தடுப்புக்கு மேலேயே பையை வீசிவிட்டு ஓடினான். பத்திரிகை சார்பில் நானும் ஸ்நேஹாவும் படமெடுக்கப் போனோம். ஆளுக்கொரு கதிர்வீச்சு மீட்டர் கொடுத்திருந்தார்கள். அதிகாரிகள் தெருப்பக்கம் அளந்து, அங்கேயே குடியிருக்கலாம் என்று சொல்லிப் போயிருந்தார்கள். கடையின் பின்சுவரை யாரும் அளக்கவில்லை.

அந்தச் சுவருக்கு மறுபுறம்தான் அருக்காணியின் அறை. தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப் இடிபட்ட பிறகு அங்கே குடிவந்தவள். ஜன்னலோரம் சுவரை ஒட்டித் தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே நுழைந்ததும் மீட்டர் கத்தியது. சத்தத்தை நிறுத்தினேன். பயத்தில் அவள் முகம் மாறிவிடக் கூடாது.

"ஏனுங் சார், அந்த மிசினு என்னங் சொல்லுது?"

"ஒண்ணுமில்லக்கா. பேட்டரி போச்சு."

"நரேலாவுல கொழுந்தனார் ஊட்டுக்கு வரச் சொல்றாங்க. போயிறலாமுங்களா?"

"எதுக்கு? இங்க ஒண்ணுமே இல்லியே."

"நீங்க சொன்னாச் சரிங். சர்க்காரு சொன்னாத்தான் நம்ப மாட்டேன்," என்று சிரித்தாள்.

மகள் கவிதாவை மட்டும் அனுப்பிவைத்தாள். நான் தடுக்கவில்லை. எனக்கு ஒரு முகம் போதும்.

என் முறை எளிமையானது. ஒரே சட்டகம், ஒரே நேரம், பன்னிரண்டு நாள். முகத்தைத் தவிர எதுவும் மாறக் கூடாது. படமெடுப்பவன் எதிலும் தலையிடக் கூடாது. முப்பது வருஷமாக அந்த நெறியை நான் மீறியதில்லை.

மறுநாள் ஸ்நேஹா தடுப்பருகே கேட்டாள்.

"வாசு சார், அந்த ரூம்ல ரீடிங் பாத்தீங்களா? அவங்ககிட்ட சொல்லியாச்சா?"

"சொல்லிட்டேன். கிளம்ப மாட்டேங்கறாங்க."

"அச்சா... நான் ஒரு தடவை பேசிப் பாக்கட்டுமா?"

"உன் அரைகுறைத் தமிழ்லயா? இன்னும் பயந்துடுவாங்க."

நம்பினாள். அவளை இதில் இழுக்காதீர்கள்.

நான் அந்த அறையில் நான்கு நிமிஷத்துக்கு மேல் ஒருநாளும் நின்றதில்லை. நான்காம் நாளிலிருந்து எதிர்மாடியில் நின்று அதே சட்டகத்தை நீண்ட லென்ஸில் எடுத்தேன். கவனமாக வேலை செய்கிறவன் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஐந்தாம் நாள் அவள் மெஷினை எதிர்மூலைக்கு இழுத்துப் போட்டிருந்தாள். நான் மாடியிலிருந்து இறங்கிப் போனேன். ராத்திரியெல்லாம் வாந்தியாம்; ஜன்னல் வழியே வரும் சாக்கடை நாற்றம்தான் காரணம் என்றாள். அந்த மூலையில் மீட்டர், சுவரோரம் காட்டியதில் பாதிகூடக் காட்டவில்லை.

"அக்கா, மெஷினைப் பழைய இடத்துலயே போட்டுக்குங்களேன்."

"உங்க படத்துக்குங்களா?"

"உங்க கண்ணுக்கு. அங்கதான் வெளிச்சம்."

அவளுக்குத் தெம்பில்லை. மறுபக்கம் நான் பிடித்தேன். இருவருமாக நகர்த்தினோம். அப்போது போனில் கவிதாவின் குரல் கேட்டது.

"அம்மா, பஸ் ஏறி ஜல்தி வா."

"சார் இருக்காரு கண்ணு. ஒண்ணும் ஆவாது."

எட்டாம் நாள் சுவர்ப்பக்கத்துக் கை மட்டும் சிவந்து தடித்திருந்தது. இஸ்திரிப் பெட்டி சுட்டிருக்கும் என்றேன். இருக்குமுங் என்றாள். பன்னிரண்டாம் நாள் நாற்காலியில் அவளால் உட்கார முடியவில்லை. படம் எடுத்த பிறகுதான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். ஒன்பது முப்பத்தெட்டு, நீங்கள் சரிபார்க்கலாம்.

போக வேண்டாம் என்று சொன்னவன் நான். அளவு தெரிந்தே சொன்னேன். மெஷினைச் சுவரோரம் திருப்பிக் கொண்டுவந்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் எடுத்துவைத்திருக்கும் மெமரி கார்டு எனக்குத் திரும்ப வேண்டும். இன்னும் அச்சாகாத இரண்டு நாள் படங்கள் அதில் இருக்கின்றன. அருக்காணி உயிரோடு இருந்திருந்தால், கொடுத்துவிடச் சொல்லி அவளே உங்களிடம் கேட்டிருப்பாள்.