குறையாத அண்டா

மழைக்காலத்தில் மாவு சீக்கிரம் புளிக்காது. தாராவியில் இட்லி அவித்து விற்கிற எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். முந்தின நாள் மாவில் கொஞ்சம் எடுத்துப் புதுமாவில் கலப்போம். அது இல்லாதபோது பக்கத்து வீட்டில் கேட்போம். விளக்கு வைத்தபின் மட்டும் யாரும் தரமாட்டார்கள். தந்தால் வீட்டு லட்சுமி போய்விடுவாள் என்பார்கள். மீனாட்சியம்மாள் தந்தாள். எல்லாம் அதில்தான் தொடங்கியது, ஐயா.

அவள் எனக்கு அடுத்த வீடு. புருஷனும் பிள்ளையும் இல்லாதவள். நான் மதினி என்பேன். என்னை அவள் மாலதி என்று கூப்பிட்டதைவிட ஏட்டி என்று கூப்பிட்டதே அதிகம். அன்று விளக்கு வைத்தபின் நான் கிண்ணத்தை நீட்டினேன். பித்தளை அண்டாவிலிருந்து கரண்டி கரண்டியாக அள்ளி ஊற்றினாள். விளிம்புக்கு ஒரு விரல் கீழே இருந்த மாவு, அள்ளிய பிறகும் ஒரு விரல் கீழேதான் இருந்தது.

நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். மறைக்கவில்லை. மாமியார் தந்த அண்டாவாம். திருடினால் வெறும் பித்தளை, மனசாரக் கொடுத்தால்தான் கை மாறும் என்றாள். கிரைண்டர் சத்தமே கேட்காத வீட்டிலிருந்து தினமும் மாட்டுங்காவுக்கு எப்படி இட்லி போகிறது என்று இத்தனை வருஷம் யோசிக்காமல் இருந்தது என் மடத்தனம்.

அரிசி ஊறப்போட்டு, உளுந்து களைந்து, கரண்ட் போனால் தலையிலடித்துக்கொண்டு நான் இடுப்பொடிகிறேன். அவளுக்கு அள்ள அள்ளக் குறையவில்லை. அவள்மேல் பொறாமை என்று நினைக்காதீர்கள். எனக்கு அவள்மேல் பிரியம் உண்டு. அண்டாமேல் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

மனசாரக் கொடுக்க வேண்டுமென்றால் மனசு குளிர வேண்டும். ஓடியாடித் திரிகிறவளுக்கு நான் என்ன செய்து மனசைக் குளிர வைப்பது? படுத்தால்தானே பணிவிடை செய்ய முடியும்? அவளுக்குச் சர்க்கரை வியாதி. மருந்துக்கடைக்குப் போய் வருவது நான்தான். அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்க அவளுக்குத் தெரியாது. அவளுடைய மாத்திரைக்குப் பதிலாகச் சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தேன். விஷம் இல்லை, ஐயா. சத்து மாத்திரைதான்.

ஆடி பிறந்ததும் படுத்துவிட்டாள். பெற்ற மகள்கூட என்னைப்போலப் பார்த்திருக்க மாட்டாள். கஞ்சி காய்ச்சி ஊட்டினேன். தலை வாரிவிட்டேன். காலில் புண் வந்தபோது வெந்நீர் வைத்துத் துடைத்தேன். சந்து முழுக்க என்னைப் புகழ்ந்தது. கேட்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கூச்சத்தோடுதான் மறுநாளும் அதே மாத்திரையை உரித்துக் கொடுத்தேன்.

ஒரு மத்தியானம் அவளுக்கு மூச்சு இரைத்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ மாத்திரைய மாத்திட்டன்னு நேத்துத்தான்ட்டி புரிஞ்சுது. பழசு நாக்குல கசக்கும். இது கசக்கல,” என்றாள். “அண்டா வேணும்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருப்பம்லா. இப்பவும் மனசாரத்தான் தாரேன், எடுத்துக்கோ. என்னைய ஆசுபத்திரிக்கு மட்டும் கூட்டிட்டுப் போயிரு.”

அழுதுவிட்டேன். நடிப்பில்லை. அழுதுகொண்டே எழுந்து போய் அண்டாவில் ஒரு கரண்டி அள்ளிப் பார்த்தேன். குறையவில்லை. எனக்குக் கை மாறிவிட்டது.

மழைத்தண்ணீர் தேங்கி டாக்சி கிடைக்கவில்லை என்று, உங்களுக்கு முன்னால் என்னை விசாரித்த மராத்தி இன்ஸ்பெக்டரிடம் சொல்லியிருந்தேன். பொய். தண்ணீர் கணுக்கால் அளவுதான். சந்து முனையில் டாக்சி நின்றுகொண்டிருந்தது. நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அவள் ஏட்டி, ஏட்டி என்று கூப்பிடுவது நிற்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிழைத்து எழுந்தால் திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.